கார்ல்ஸ்ரூவின் 1903 தந்தி: தப்பு யாருடையது?

பழையபந்து:
ஜெர்மன் பழைய கழகங்கள் பற்றிய திரியில் ஒருத்தர் இப்படி எழுதியிருக்கார்: "கார்ல்ஸ்ரூ ஊர்க் கால்பந்துக் கழகம் கே.எஃப்.வி. 1903 ஜெர்மன் சாம்பியன்ஷிப் அரையிறுதிக்கு வரவே இல்லை. வராத அணிக்கு என்ன புலம்பல்? லைப்சிக் நேர்மையான முதல் சாம்பியன்." இதைப் படிச்சிட்டு சும்மா இருக்க முடியல.

கே.எஃப்.வி. வராம இருந்தது சோம்பேறித்தனத்தால இல்ல. ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டதா டி.எஃப்.பி. (ஜெர்மன் கால்பந்துச் சங்கம்) பேர்ல தந்தி வந்தது. அது போலி. அணி கிளம்பல. அதுக்குத் தண்டனையா போட்டியிலிருந்தே வெளியேத்திட்டாங்க. எதிரணி டி.எஃப்.சி. பிராக் அந்தத் தொடர்ல ஒரு ஆட்டம்கூட ஆடாம இறுதிக்குப் போச்சு. மே 31 அன்னிக்கு ஆல்டோனாவில் வி.எஃப்.பி. லைப்சிக் 7-2ன்னு ஜெயிச்சது. 1901 முதல் 1905 வரை வரிசையா தென் ஜெர்மன் சாம்பியனா இருந்த அணியை இப்படித்தான் வெளியே தள்ளினாங்க.

லைப்சிக்பக்கம்:
கதை எல்லாருக்கும் தெரியும். கேள்வி ஒண்ணுதான். தந்தி வந்ததும் ஏன் திருப்பிக் கேட்கலை? அரையிறுதி ஆட்டம். ஒரு பதில் தந்தி அனுப்பினா முடிஞ்சிருக்கும்.

பழையபந்து:
யாருக்குப் பதில் அனுப்பணும்? அன்னிக்கு டி.எஃப்.பி.க்குத் தலைமை அலுவலகம்னு மேசை போட்டு உட்கார்ந்தவங்க கிடையாது. 1900 ஜனவரியில் லைப்சிக்கில் ஆரம்பிச்ச சங்கம், மூணு வருஷம்தான் ஆகியிருக்கு. தலைவர் ஃபெர்டினாண்ட் ஹூப்பே பிராகில் பேராசிரியர். எதிரணி எது? பிராக்! இதுல "திருப்பிக் கேளு"ன்னு சொல்றீங்க.

லைப்சிக்பக்கம்:
ஹூப்பே மேல பழி போடுறீங்களா? ஆதாரம்?

பழையபந்து:
பழி போடல. அனுப்பினது யாருன்னு இன்னிக்கு வரைக்கும் வெளிவரல. நான் சொல்றது முகவரிச் சிக்கல். சொல்லாததை என் பேர்ல இழுக்காதீங்க.

தந்திக்கம்பம்:
அன்றைய தந்தி முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். உள்நாட்டுத் தந்திக்குச் சொல்லுக்கு 5 ஃபென்னிக் (ஜெர்மன் சில்லறைக் காசு), குறைந்தபட்சம் 50 ஃபென்னிக். கவுண்டரில் படிவத்தை எழுதிப் பணம் கட்டினால் போதும். அனுப்புபவர் யார் என்று சாதாரணமாக நிரூபிக்க வேண்டியதில்லை. கீழே யார் பெயரை எழுதினாலும் அப்படியே போகும். சரிபார்ப்புத் தந்தி என்று கூடுதல் கட்டணத்தில் ஒரு வசதி உண்டு. ஆனால் அது வழியில் எழுத்துப் பிழை வராமல் இருக்க, ஒவ்வொரு நிலையமும் வாசகத்தைத் திருப்பிச் சொல்லும் முறை. அனுப்பியவர் நேர்மையானவரா என்பதை அது சோதிக்காது. "சரிபார்த்திருக்கலாமே" என்பவர்கள் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள்.

ஆனால் பெறுபவர் கையில் வரும் தாளின் தலைப்பில் எந்த ஊரில் கொடுக்கப்பட்டது, எத்தனை சொல், எந்த நாள், எத்தனை மணி எல்லாம் இருக்கும். அதைப் பார்த்திருக்க வேண்டும். பதிலுக்கும் அனுப்புபவரே முன்கூட்டிப் பணம் கட்டும் வசதியும் இருந்தது.

லைப்சிக்பக்கம்:
பாத்தீங்களா? தலைப்பிலேயே ஊர் இருக்கு. கே.எஃப்.வி. பார்க்கல. நான் சொன்னதும் அதேதான்.

பழையபந்து:
எந்த ஊர் இருந்தா நம்பக்கூடாது? சொல்லுங்க. பிராக்னு இருந்தா, தலைவர் ஊர், நம்பத்தான் தோணும். லைப்சிக்னு இருந்தா, ஆட்டம் நடக்கிற ஊர், அதுவும் நம்பத்தான் தோணும். தலைப்பைப் பார்த்தா போலி பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும்னு யார் சொன்னது?

இன்னொண்ணையும் மறைக்கிறீங்க. இந்த ஆட்டம் முதல்ல மியூனிக்கில்னு இருந்தது. அங்க நடக்கல, லைப்சிக்குக்கு மாத்தினாங்க. ஒரு தடவை மாறின ஆட்டம் இன்னொரு தடவை தள்ளிப்போறதுல என்ன ஆச்சரியம்? கார்ல்ஸ்ரூவிலிருந்து லைப்சிக் ரயில்ல கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். சொந்தக் காசுல போற அமெச்சூர் பசங்க. "ஆட்டம் இல்லை"ன்னு எழுத்துல வந்த பிறகு டிக்கெட் எடுத்துக் கிளம்பணுமா?

லைப்சிக்பக்கம்:
கிளம்பச் சொல்லல. கேட்கச் சொல்றேன். ஏன் கேட்கலை?

மூலைஉதை:
ரெண்டு பேரும் தந்தியிலேயே நிக்கிறீங்க. கார்ல்ஸ்ரூவுக்கு முதல் பட்டம் கொண்டுவந்தது கே.எஃப்.வி. இல்ல, அதே ஊரின் இன்னொரு கழகம் ஃபீனிக்ஸ். 1909, ப்ரெஸ்லாவில் விக்டோரியா பெர்லினை 4-2. இன்னிக்குக் கே.எஸ்.சி. (கார்ல்ஸ்ரூ எஸ்.சி.) கழகமா இருக்கிறது அவங்க வாரிசு. தந்திக்கு அழாம ஆடி ஜெயிச்சாங்க.

பழையபந்து:
வந்துட்டார் கே.எஸ்.சி. காரர்! 1952ல் ஃபீனிக்ஸும் மியூல்பர்க்கும் இணைஞ்சு வந்த கழகம் அது. அடுத்த வருஷமே, 1910 அரையிறுதியில், அதே ஃபீனிக்ஸை 2-1ன்னு வீட்டுக்கு அனுப்பினது யாரு? கே.எஃப்.வி.! இறுதியில் கொலோனில் ஹோல்ஸ்டைன் கீலை, கூடுதல் நேரத்தில் ப்ரூனிக் பெனால்டியில், 1-0ன்னு ஜெயிச்சாங்க. பயிற்சியாளர் வில்லியம் டவுன்லி, 1890 இங்கிலாந்து கோப்பை இறுதியில் பிளாக்பர்னுக்கு ஹாட்ரிக் அடிச்சவர். குட்டைப் பாஸ்ல பந்தை நகர்த்தக் கத்துக்கொடுத்தார். ஃபோர்டரர், ஃபுக்ஸ், ஹிர்ஷ்: முன்கள நடுவில் ஆடின இந்த மூவருக்கு ஈடா ஃபீனிக்ஸில் யாரு இருந்தா?

மூலைஉதை:
பழம்பெருமை. இன்னிக்கு எந்தப் பிரிவுல ஆடுறாங்கன்னும் சொல்லுங்களேன்.

லைப்சிக்பக்கம்:
2004ல் திவாலாகி ஆட்டத்தையே நிறுத்தின கழகம். அப்புறம் அடிமட்டத்திலிருந்து மறுபடி. அது அதே கழகம்தானா என்பதே கேள்வி. இதுல 1903 நியாயம் வேற.

பழையபந்து:
லைப்சிக்காரர் திவால் பத்திப் பேசுறார்! உங்க வி.எஃப்.பி.யும் அதே 2004ல்தான் மூழ்குச்சு. அதுக்கு வாரிசா 2003 கடைசியிலேயே லோக்னு புதுக் கழகம் பதிவு பண்ணி, பதினோராவது அடுக்குல ஆரம்பிச்சீங்க. லோக்குக்கு 1903 பட்டம் சொந்தம்னா, 1891ல் பென்ஸ்மன் தொடங்கின கே.எஃப்.வி.க்கு 1903 அநியாயமும் சொந்தம்தான். ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வேண்டாம்.

பிரிவு கேட்டவருக்கு: கே.எஃப்.வி. ஆட்களுக்கு ஜெர்மனி என்ன செஞ்சதுன்னு தெரியுமா? ஃபுக்ஸ் 1912 ஸ்டாக்ஹோமில் ரஷ்யாவுக்கு எதிரா ஒரே ஆட்டத்துல 10 கோல். தேசிய அணியில அந்த எண்ணை இன்னும் யாரும் தாண்டல. யூதர் என்பதால நாட்டை விட்டு ஓட வேண்டியதாச்சு. ஹிர்ஷும் யூதர், அவரை 1943ல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்கு அனுப்பிக் கொன்னாங்க. 1972ல் மியூனிக் மைதானத் திறப்பு ஆட்டத்துக்கு ஃபுக்ஸைக் கூப்பிடணும்னு முன்னாள் தேசிய அணிப் பயிற்சியாளர் ஹெர்பர்கர் கேட்டார். டி.எஃப்.பி. மறுத்துடுச்சு. இந்தச் சங்கம் 1903ல் நியாயமா தீர்ப்பு சொல்லியிருக்கும்னு நான் நம்பணுமா?

லைப்சிக்பக்கம்:
ஹிர்ஷ், ஃபுக்ஸ் மேல எனக்கும் மரியாதை உண்டு. 1972ஐ வெச்சு 1903ஐ அளக்காதீங்க. தந்தி வந்தது, கேட்கலை. அவ்வளவுதான்.

பழையபந்து:
விதிமுறையைப் பாருங்க. ஏமாத்தினவன் ஒருத்தன், தண்டனை ஏமாந்தவனுக்கு. மூணாவது ஆள் பொய் சொல்லி ஒரு அணி வரலைன்னா செய்ய வேண்டியது என்ன? இறுதியை ஒரு வாரம் தள்ளிட்டு அரையிறுதியை நடத்தியிருக்கலாம். தொடர்ல இருந்ததே ஆறு அணிதான். மியூனிக் ஆட்டத்தை மாத்தத் தெரிஞ்சவங்களுக்கு இதை மாத்தத் தெரியாதா?

தந்திக்கம்பம்:
தேதி தள்ளுவது அவ்வளவு எளிதல்ல. மைதானம், நடுவர், மற்ற அணியின் பயணம் எல்லாம் மாற வேண்டும். ஆல்டோனாவில் இறுதி நாளன்றே நல்ல பந்து இல்லாமல் ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. நடுவர் ஃபிரான்ஸ் பேர் ஆல்டோனா கழகத்துக்காரர். அப்படிப்பட்ட ஏற்பாடு.

பழையபந்து:
அதேதான் நானும் சொல்றேன் ஐயா! இறுதிக்கு ஒழுங்கா ஒரு பந்து கொண்டுவர முடியாத சங்கம், கே.எஃப்.வி. மட்டும் தந்தித் தாளின் மணியையும் ஊரையும் ஆராயணும்னு எதிர்பார்த்ததாம்.

லைப்சிக்பக்கம்:
வந்திருந்தாலும் எங்க கிட்ட ஏழு வாங்கியிருப்பாங்க.

பழையபந்து:
பிராக் வாங்கினதை கே.எஃப்.வி. கணக்குல எழுதாதீங்க. 1905ல் இறுதி வரைக்கும் வந்தாங்க, யூனியன் பெர்லினிடம் 2-0தான். அன்னிக்கு லைப்சிக் எங்க இருந்தது?

மூலைஉதை:
ஒண்ணும் இல்லாததுக்கு மூணு பக்கம். 1909ஐ யாரும் தொடல, கவனிச்சேன்.

லைப்சிக்பக்கம்:
இன்னும் பதில் வரல. ஏன் கேட்கலை?

பழையபந்து:
பதில் சொல்லியாச்சு. மேல போய்ப் படிங்க. யாரிடம் கேட்கணும்னு நீங்கதான் இன்னும் சொல்லல.