கபடி ரெய்டருக்கு இடைவெளிப் பயிற்சி: ஓய்வு எவ்வளவு வைக்கிறீர்கள்?

மாவட்ட அளவில் ஆடும் ஒரு கபடி அணிக்கு ஃபிட்னஸ் பயிற்சி கொடுக்கிறேன். புதிதாக வரும் பசங்க எல்லோரும் தபாட்டாதான் கேட்கிறார்கள். 20 விநாடி வேலை, 10 விநாடி ஓய்வு, எட்டு சுற்று. நான்கே நிமிடத்தில் நாக்கு தள்ளிவிடுவதால் அதுதான் சரியான பயிற்சி என்று ஒரு நம்பிக்கை. 1996-ல் ஜப்பானில் இசுமி தபாட்டா குழு அதைச் சோதித்தது நிலையான சைக்கிளில். மூச்சுத் தம் அதிகமாக அது நல்ல வழிதான், மறுக்கவில்லை. ரெய்டருக்கு அதை அப்படியே கொடுப்பதைத்தான் மறுக்கிறேன்.

வெடித்துப் பாய உதவும் பாஸ்போகிரியேட்டின் என்ற தசை எரிபொருள், தீர்ந்தபின் தசையில் பாதியளவு திரும்பவே சுமார் அரை நிமிடம் ஆகும். முழுதாகத் திரும்ப மூன்று நிமிடத்துக்கு மேல். 10 விநாடி ஓய்வில் நான்காவது சுற்றிலேயே வேகம் விழுந்துவிடும். அப்புறம் பையன் பழகுவது மெதுவாகப் பாய்வதைத்தான்.

அதனால் எங்கள் பயிற்சியை ஆட்டத்தின் 30 விநாடி ரெய்டை வைத்தே அமைக்கிறேன். பாட்டை விடாமல் போனஸ் கோடு வரை போய், இரண்டு முறை திசை மாறி, நடுக்கோட்டுக்குப் பாய்ந்து திரும்ப வேண்டும். பிறகு ஒன்றரை நிமிட நடை. ஆறு தடவை முடிந்ததும் நான்கு நிமிடம் ஓய்வு, மறுபடி ஆறு. எண்ணிக்கையைவிட காலைத்தான் கவனிப்பேன். திரும்பும்போது குதிகால் ஆடுகள விரிப்பில் தொப்பென்று விழ ஆரம்பித்தால், எத்தனையாவது தடவையாக இருந்தாலும் அவனுக்கு அன்று அதோடு சரி.

மற்ற ஆட்டங்களில் எப்படிச் செய்கிறீர்கள்?

——

அண்ணா, நான் பெண்கள் கால்பந்து அணியோடு இருக்கிறேன். எங்களுக்கு நார்வேக்காரர்களின் நான்குக்கு நான்கு நன்றாகப் பொருந்துகிறது. உச்ச இதயத்துடிப்பில் 90 முதல் 95 சதவீதத்தில் நான்கு நிமிடம், நடுவில் மூன்று நிமிட மெதுவோட்டம், இப்படி நான்கு முறை. அங்கே இளம் கால்பந்து வீரர்களுக்கு வாரம் இரண்டு நாள், எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து 2001-ல் வெளியிட்டார்கள். ஆட்டத்தில் ஓடிய தூரம் 20 சதவீதம் கூடியிருந்தது. நாங்கள் பந்தோடு செய்கிறோம், சீசனுக்கு முன்னால் மட்டும்.

உங்கள் 30 விநாடி வேலைக்குக் கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பு உதவாது, அது ஏறுவதற்குள் ரெய்டு முடிந்துவிடும். எங்களுக்கு உதவும். ஆனால் சித்திரை, வைகாசியில் காலை ஏழரை தாண்டினால் அதையும் நம்புவதில்லை. வெயிலிலேயே துடிப்பு எகிறிவிடும், கால் அந்த வேலையைச் செய்திருக்காது.