வீடு விற்ற பிறகு வெப்பமூட்டும் அமைப்பு பழுதானால் பொறுப்பு யாருடையது?

கேள்வி: வடகாற்று

வணக்கம். நாங்கள் குடியிருந்த வீட்டைக் கோடையில் விற்றோம். குளிர் தொடங்கியதும் வாங்கியவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. அறைகளைச் சூடாக்கத் தண்ணீரைக் காய்ச்சி அனுப்பும் பாய்லரின் அழுத்தம் அடிக்கடி இறங்கி அது தானாக நின்றுவிடுகிறதாம். பார்க்க வந்த தொழில்நுட்பர் பாய்லரை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். பழுதை மறைத்து விற்றதால் புதிய பாய்லருக்கான முழுச் செலவையும் நாங்களே தர வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் செல்வேன் என்று எழுதியிருக்கிறார்.

விற்பனையின்போது நிரப்பிய படிவத்தில், வெப்பமூட்டும் அமைப்பு நல்ல நிலையில் இயங்குகிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் எழுதியிருந்தோம். நாங்கள் இருந்தவரை எல்லா அறைகளும் குறையின்றிச் சூடாயின. ஆண்டுதோறும் சர்வீஸும் செய்தோம். ஆனால் கடைசி சர்வீஸ் அறிக்கையில் ‘அழுத்தம் குறைந்திருந்தது, தண்ணீர் சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த அறிக்கையை அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. அந்த ஒரு வரியை வைத்து எங்களைப் பழுதை மறைத்தவர்கள் என்று சொல்ல முடியுமா? அவருக்கு எப்படிப் பதில் எழுதுவது?

மறுமொழி: ஏட்டுச்சுவடி

முதலில் ஒன்று: உங்கள் விற்பனையைக் கவனித்த வழக்கறிஞரிடம் காட்டாமல் எந்தப் பதிலும் அனுப்பாதீர்கள். வருத்தம் தெரிவிக்கும் எண்ணத்தில் எழுதும் ஒரு வாக்கியம்கூடப் பின்னால் ஒப்புதலாக வாசிக்கப்படலாம்.

விற்ற பிறகு பாய்லர் நின்றது என்பதால் மட்டும் பொறுப்பு உங்கள் மேல் வந்துவிடாது. பழைய வீட்டை வாங்குபவர் தானே பார்த்து, சோதித்து வாங்க வேண்டும் என்பதுதான் ஆங்கிலேயச் சட்ட மரபின் அடிப்படை. பிரான்சில் மறைந்த குறைகளுக்கு விற்றவர் பொறுப்பு என்று குடிமைச் சட்டத்தின் 1641-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் தனியார் ஒருவர் தமக்குத் தெரியாத குறைகளுக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள அங்கே இடமுண்டு. ஜெர்மனியிலும் அப்படியே, ஆனால் தெரிந்தே மறைத்தவருக்கு அந்த விலக்கு உதவாது என்று அந்நாட்டுக் குடிமைச் சட்டத்தின் 444-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, மூன்று இடங்களிலும் வழக்கு ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: விற்கும்போது உங்களுக்கு என்ன தெரியும்?

இங்கிலாந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் எழுத்தில் சொன்ன ஒன்று தவறென்று வாங்கியவர் காட்டிவிட்டால், அது உண்மை என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்ததை மெய்ப்பிக்கும் சுமை 1967-ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டப்படி விற்றவர் மேல் விழும். சொன்னது அப்போது உண்மையாக இருந்து, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்குள் நிலை மாறியிருந்தால், அதையும் தெரிவித்திருக்க வேண்டும். 1936-இல் ஒரு மருத்துவர் தம் மருத்துவத் தொழிலை விற்ற வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது. பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில் வருமானம் சரிந்ததை அவர் சொல்லாமல் விட்டிருந்தார். ஆகவே ஆண்டுதோறும் செய்த சர்வீஸ் ரசீதுகள்தான் உங்களுக்குப் பெரிய பலம். அவற்றைத் தேடி எடுத்து வையுங்கள்.

மறுமொழி: செம்புக்குழாய்

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். ‘முழு பாய்லரையும் மாற்ற வேண்டும்’ என்பதைக் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரே தண்ணீர் உள்ளேயே சுற்றிவரும் மூடிய அமைப்பில், குளிர்ந்த நிலையில் அழுத்தம் பொதுவாக 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். தண்ணீர் சூடாகும்போது விரிவடைகிறது. அந்த விரிவை வாங்கிக்கொள்ள உள்ளே ஒரு சவ்வும் அதன் மறுபக்கம் அடைத்த காற்றும் கொண்ட விரிவுக் கலன் ஒன்று இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் காற்று குறையும். அப்போது பாய்லர் சூடானதும் அழுத்தம் 3 பாரை நெருங்கி, பாதுகாப்பு வால்வ் திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். ஆறியதும் அழுத்தம் அடியில் போய், பாய்லர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். கடிதத்தில் உள்ள அறிகுறிகள் இதோடு ஒத்துப்போகின்றன. இதுதான் காரணமென்றால் கலனில் காற்றடைப்பதோ கலனை மாற்றுவதோ போதும். தீயின் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியில் விரிசல் விழுந்திருந்தாலோ தரைக்கடியில் குழாய் கசிந்தாலோ கதை வேறு. எது என்று அளந்து பார்த்த அறிக்கை அவரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பழுது எப்போது தொடங்கியது என்பதற்கு, அறைகளில் சூடு தரும் ரேடியேட்டருக்குள் இருக்கும் தண்ணீர் நல்ல சாட்சி. நீண்டகாலமாகக் கசிந்து, திரும்பத் திரும்பப் புதுத் தண்ணீர் சேர்க்கப்பட்டிருந்தால், அதோடு வரும் ஆக்சிஜன் எஃகைத் துருப்பிடிக்க வைத்துக் கருஞ்சேற்றைப் படியவைக்கும். தண்ணீர் தெளிவாக இருந்து, துருத்தடுப்பு மருந்தும் போதிய அளவில் இருந்தால், பல ஆண்டுக் கசிவு என்று சொல்வது கடினம். பல பாய்லர்கள் பழைய பிழைக்குறியீடுகளை நினைவில் வைத்திருக்கும். அவற்றையும் படிக்கச் சொல்லுங்கள். குடிபுகுந்த பிறகு சுவருக்கு வண்ணம் பூச ரேடியேட்டர்களைக் கழற்றினார்களா என்பதும் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி. கழற்றி மாட்டிய இணைப்புகளில் கசிவு வருவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

உங்கள் அறிக்கையின் வரியைப் பொறுத்தவரை, சர்வீஸின்போது சிறிது தண்ணீர் சேர்ப்பது வழக்கமான வேலை. ரேடியேட்டரில் காற்றை வெளியேற்றினாலே அழுத்தம் சற்று இறங்கும்.

பாய்லரைக் கழற்றி வீசிவிட்டால் இவை எதையும் பிறகு சோதிக்க முடியாது. நீங்கள் அமர்த்தும் ஒருவர் பார்க்கும்வரை அதைக் கழற்ற வேண்டாம் என்று உடனே, எழுத்தில் கேளுங்கள்.

மறுமொழி: புதுமனை

வாங்கிய பக்கத்தில் நின்றவள் என்பதால் சற்று மாறுபடுகிறேன். மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் சேர்த்தால்தான் ஓடும் பாய்லரை ‘நல்ல நிலையில் இயங்குகிறது’ என்று எழுதுவது, சொல்லளவில் உண்மையாக இருந்தாலும், படிப்பவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். சர்வீஸ் நாளில் மட்டும் தண்ணீர் சேர்க்கப்பட்டதா, அல்லது அந்தக் குளிர்காலம் முழுவதும் நீங்களே சேர்த்து வந்தீர்களா? முதலாவது என்றால் உங்கள் பதிலில் குறையில்லை. இரண்டாவது என்றால் நான் அவர் பக்கம்தான் நிற்பேன். கைக்குழந்தையோடு புது வீட்டில் குளிரில் உட்கார்ந்திருப்பவருக்கு, விற்றவர் வேண்டுமென்றே செய்தார் என்றுதான் முதலில் தோன்றும்.

கேள்வி கேட்டவர்: வடகாற்று

எல்லோருக்கும் நன்றி. சர்வீஸுக்கு வந்தவர்தான் அன்று தண்ணீர் சேர்த்தார். அதற்கு முன்போ பின்போ நாங்கள் குழாயைத் திறந்ததே இல்லை. எல்லா ஆண்டு ரசீதுகளும் கிடைத்துவிட்டன. வழக்கறிஞரிடம் பேசிவிட்டேன். கழற்ற வேண்டாம் என்ற கடிதம் இன்று போகிறது. அந்தச் சர்வீஸ் அறிக்கையையும் இணைக்கச் சொல்லியிருக்கிறேன். பழுது சிறியதென்றால் அந்தச் செலவில் ஒரு பங்கை ஏற்கலாமா என்று வீட்டில் யோசிக்கிறோம்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

அறிக்கையை நீங்களாகவே இணைப்பது நல்ல முடிவு. பங்கு தர விரும்பினால் தாருங்கள். ஆனால் பொறுப்பை ஏற்காமல் தருவதாகவும், இந்த விவகாரம் இதோடு முழுமையாகத் தீர்ந்ததாகவும் இருவரும் கையெழுத்திட்ட பிறகே பணம் கைமாற வேண்டும். வழக்கு தோற்றாலும்கூட, பல ஆண்டு ஓடிய பாய்லருக்கு ஈடாகப் புதியதன் முழு விலையை நீதிமன்றம் அப்படியே தந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பழையதற்குப் பதில் புதியது கிடைப்பதால் வரும் ஆதாயத்தைக் கழிக்கக் கோரலாம். பாய்லர் பொருத்தப்பட்ட ஆண்டு எது, தயாரிப்பாளரின் உத்தரவாதம் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆண்டுதோறும் சர்வீஸ் நடந்திருந்தால் பல உத்தரவாதங்கள் வீடு கைமாறிய பிறகும் தொடரும். அப்படியானால் பழுதுபார்க்கும் செலவு உங்கள் இருவர் மேலும் விழாமல் போகலாம்.