ரிஸ்பெரிடோன் எடுக்கும் மகனுக்கு எஸ்.ஜி.பி.டி. உயர்ந்தபோது: எங்கள் அனுபவம்

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு வயது 10. தலையைச் சுவரில் மோதிக்கொள்வதும் அருகில் வருபவர்களைக் கடிப்பதும் கட்டுக்கடங்காமல் போனதால், குழந்தைகள் மனநல மருத்துவர் ரிஸ்பெரிடோன் என்னும் மனநல மருந்தைத் தொடங்கினார். மோதல் குறைந்தது, பசி கூடியது. சாப்பிட்டுக் கை கழுவிய சற்று நேரத்திலேயே தட்டோடு அடுப்படி வாசலில் வந்து நிற்பான். எடை மளமளவென்று ஏறியது. வழக்கமான இரத்தப் பரிசோதனையில், கல்லீரல் பாதிப்பை அறியப் பார்க்கும் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 118, எஸ்.ஜி.ஓ.டி. 64, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 310 என்று மூன்றும் இயல்பைவிடக் கூடுதல் என்று தடித்த எழுத்தில் அச்சாகி வந்தன. காமாலையைக் காட்டும் பிலிரூபின் சரியாக இருந்தது.

மருந்தை உடனே நிறுத்தச் சொன்னார் மாமியார். தொலைபேசியில் மருத்துவரோ, “நீங்களா நிறுத்திடாதீங்கம்மா, ரிப்போர்ட்டோட வாங்க” என்றார். திடீரென நிறுத்தினால் பழைய கொந்தளிப்பு இன்னும் வேகமாகத் திரும்பக்கூடும் என்பதை நேரில் விளக்கினார். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் வளரும் எலும்பிலிருந்தும் வருவதால் குழந்தைகளுக்கு அது கூடுதலாக இருப்பது இயல்பே. ஆய்வகம் பெரியவர்களுக்கான அளவைப் பக்கத்தில் அச்சிட்டதால்தான் அது தவறாகத் தெரிந்திருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி. தசையிலிருந்தும் வரும். கவனிக்க வேண்டியது எஸ்.ஜி.பி.டி.தான் என்றார். கல்லீரல் தன் வேலையைச் சரிவரச் செய்கிறதா என்பதை, கல்லீரல் உண்டாக்கும் புரதமான ஆல்புமினும் இரத்தம் உறையும் நேரமும் சொல்லும். அவை இரண்டும் சரியாகவே இருந்தன.

மருந்தின் மீதே பழியைப் போட்டுவிடாமல், குழந்தைகளுக்கான கல்லீரல் மருத்துவர் வேறு காரணங்களையும் தேடியது எனக்குப் பெரிய ஆறுதல். அண்மையில் காய்ச்சல் வந்ததா, பாரசிட்டமால் எவ்வளவு கொடுத்தீர்கள், கஷாயமோ சூரணமோ கொடுப்பதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கான சோதனைகளோடு, வில்சன் நோய்க்காக, இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் அளவையும் பார்த்தார். உடலில் தாமிரம் தேங்கும் இந்தப் பரம்பரை நோய், கல்லீரலைக் கெடுப்பதோடு நடத்தை மாற்றத்தையும் உண்டாக்கும் என்பதால், மனநல மருந்து எடுக்கும் குழந்தையிடம் இதை விட்டுவிடக் கூடாதாம். கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிகிறதா என்று கண் மருத்துவரும் பார்த்தார். கண் பரிசோதனைக் கருவியின் தாங்கியில் மோவாயை வைக்க மறுத்தவனைத் தந்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வளையம் இல்லை. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பது தெரிந்தது. மருந்து பசியைத் தூண்ட, பசி எடையைக் கூட்ட, எடை கல்லீரலில் போய்ச் சேர்ந்திருந்தது.

மருந்தின் அளவைச் சற்றுக் குறைத்தார்கள். பிஸ்கட்டையும் பாட்டில் பானங்களையும் வீட்டுக்குள் கொண்டுவருவதை நிறுத்தினோம். மாலையில் அவன் தந்தையோடு நடக்கிறான். சில மாதங்களில் எஸ்.ஜி.பி.டி. 52-க்கு இறங்கியது.

வலிப்புக்கான மருந்தான சோடியம் வால்புரோவேட் எடுக்கும் குழந்தைகளின் பெற்றோர் எங்கள் கதையை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டாம். அந்த மருந்தால், அரிதாகவே ஆனாலும், கல்லீரல் முற்றிலும் செயலிழக்க நேரலாம். 2 வயதுக்குட்பட்டவர்களுக்கும், மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் பகுதி) குறைபாடு உள்ளவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். விடாத வாந்தி, சாப்பாட்டை வெறுத்தல், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், கட்டுப்பட்டிருந்த வலிப்பு மீண்டும் வருதல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால், அடுத்த இரத்தப் பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

என் மகனுக்கு இனி எஸ்.ஜி.பி.டி.யோடு சர்க்கரை, கொழுப்பு, எடை, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சீட்டில் எழுதித் தந்திருக்கிறார்.