பழைய எச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டர் லினக்ஸ்ல ஓடுமுங்களா?

திருப்பூர்க்காரர்:
ஏனுங்க, ஜாப் வொர்க் டிசி (டெலிவரி சலான்) அடிக்கற கம்ப்யூட்டர்ல லினக்ஸ் மின்ட் போட்டாச்சு, பிரிண்டர் பேரு லிஸ்ட்ல வருது, பிரிண்ட் குடுத்தா முடிஞ்சுதுங்குது, பேப்பர் மட்டும் நகரவே மாட்டேங்குது. டோனர் புதுசுங்க, தூக்கிப்போட மனசில்லை.

கோபி:
போட்றாதீங்க, தங்கமான மெசினுங்க அது. அதுல ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டர ஓட்டற உள் புரோகிராம், ஆஃப் பண்ணா உள்ள தங்காது, ஒவ்வொருக்கா ஆன் பண்றப்பவும் கம்ப்யூட்டர்தான் அனுப்போணும். டெர்மினல்ல (கமாண்ட் டைப் பண்ற விண்டோ) எச்பி-பிளகின் (hp-plugin) கமாண்ட் குடுங்க, ஃபர்ம்வேர் இருக்கற பிளகின நெட்டுல இருந்து இறக்கிக்கும், பொறவு பிரிண்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, மோட்டார் ஒருக்கா சுத்துற சத்தம் கேட்டா ஏறிருச்சுன்னு அர்த்தம்.

ஈரோடு:
எச்பிலிப் (லினக்ஸ்ல எச்பி பிரிண்டர ஓட்டற சாஃப்ட்வேர்) அப்டேட் ஆனா பிளகினையும் மறுக்கா போடோணுமுங்க, ரெண்டும் ஒரே வெர்ஷனா இருக்கோணும். இல்லீனா அதுக்குப் பதிலா ஃபூ2இசட்ஜேஎஸ் (foo2zjs)னு வேற டிரைவர் இருக்குது.

திருப்பூர்க்காரர்:
சத்தம் கேட்டுதுங்க, டெஸ்ட் பேஜ் வந்துருச்சு! ரொம்ப நன்றிங்ணா.