புதுப்பிப்பு: ஒரே புத்தகம் எல்லாருக்கும் சரிப்படுமா?

பத்து வயதுப் பிள்ளைகளும் எழுபது வயது அப்புச்சியும் இருக்கிற எங்கள் கோபிசெட்டிபாளையம் வாசிப்பு வட்டத்துக்கு ஒரே புத்தகம் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போதவில்லை, பிரித்துவிட்டோம்.

பொடிசுகளுக்குப் படக்கதைகளைச் சத்தமாக வாசித்தோம். ஒன்பதாவது படிப்பவர்களுக்கு இரா. நடராசனின் ‘ஆயிஷா’, ஒரே அமர்வில் முடிந்தது.

பெரியவர்களுக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. 1942இல் வந்த சின்ன நாவல்தான். ஆனால் கணவனை இழந்தவள் காட்டில், அதாவது விளைநிலத்தில், பங்கு கேட்கிற கதையாயிற்றே! “எங்கூட்லயும் இதேதானுங்க” என்று ஒரு அம்மிணி ஆரம்பித்தார். அப்புறம் யாரும் புத்தகத்துப் பக்கமே திரும்பவில்லை. அப்புச்சிக்குத்தான் எழுத்து பொடியாக இருக்கிறதாம். அடுத்த முறை அவருக்குப் பேரன் வாசித்துக் காட்டுவான்.