ஃபிரேசர் தீவில் டென்ட் போட்டுத் தங்கிய நெல்லைக்காரர்கள் உண்டா?

பாளை வாசி:
ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில் அக்கா வீடு. செப்டம்பரில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். ஃபிரேசர் தீவில் (இப்போது கரி என்று பெயர்) டென்ட் போட்டுத் தங்கியே ஆகவேண்டும் என்று அத்தான் ஒற்றைக்காலில் நிற்கிறார். அங்கே திரியும் டிங்கோ என்ற காட்டுநாயின் வீடியோவைப் பார்த்ததிலிருந்து அம்மா "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டிலேயே கெடக்கேன்" என்கிறாள். அக்கா பையனுக்கு ஆறு வயது. நிஜமாகவே பயப்படணுமா?

உடன்குடியான்:
தம்பி, முதலில் மணலுக்குப் பயப்படுங்கள். உலகத்திலேயே பெரிய மணல் தீவு, 120 கிலோமீட்டருக்கு மேல் நீளம், கடற்கரைதான் நெடுஞ்சாலை. ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும், டயர்க் காற்றைக் குறைக்க வேண்டும், கடல் உச்சத்துக்கு ஏறும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் கடற்கரையில் ஓட்டவே கூடாது. நம்ம குதிரைமொழித் தேரியின் செம்மணல் மேட்டில் பைக்கை இறக்கி மாட்டிக்கொண்டவர்களுக்குப் புரியும், அங்கே கூடவே அலையும் வரும். மெக்கன்சி ஏரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மணல்மேட்டின் மேல் இலைதழை மக்கி இறுகிய அடித்தட்டில் நிற்கும் வெறும் மழைத்தண்ணீர், இடுப்பளவில் நின்றால் கால் நகம் தெரியும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் பார்த்து வளர்ந்த எனக்கே, மணலுக்குள் இவ்வளவு தண்ணீரா என்று இருந்தது.

டவுன் பொண்ணு:
அண்ணாச்சி டிங்கோவை லேசாகத் தாண்டிவிட்டார். 2001இல் ஒன்பது வயதுப் பையனை டிங்கோ கொன்றது அங்கேதான். அதனால் பையன் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், ஓடவிடாதீர்கள், ஓடினால் துரத்தும். கிட்டே வந்தால் கையை மார்பில் கட்டிக்கொண்டு, அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்க வேண்டும். நான் பார்த்தது செம்மண் நிறம், பாதம் மட்டும் வெள்ளை, விலா எலும்பு தெரிய நின்றது. பாவம், பட்டினி என்று பிஸ்கட் நீட்டத் தோன்றும். அதன் உடம்புவாகே அப்படித்தான், தீனி போட்டால் அபராதம். மனிதர்களிடம் தின்று பழகி மேலே பாய ஆரம்பித்ததைக் கடைசியில் கொன்றுவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டண்டுபாரா, வாடி பாயிண்ட் மாதிரி வேலி போட்ட முகாமாகப் பாருங்கள். அம்மாவின் முறுக்கு டப்பாகூட டென்ட்டுக்குள் கூடாது, வண்டிக்குள் வைத்துப் பூட்டணும்.

தாமிரபரணித் தண்ணி:
செப்டம்பர் என்றால் தீவுக்கு மேற்கே இருக்கும் ஹெர்வி பே விரிகுடாவில் படகு ஏறிவிடுங்கள். ஹம்ப்பேக் திமிங்கலங்கள் அன்டார்டிகா பக்கம் திரும்புகிற வழியில் குட்டிகளோடு அந்த விரிகுடாவில் தங்கும் காலம் அது. தீவின் கிழக்குக் கடலில் மட்டும் குளிக்க இறங்காதீர்கள், சுறாவும் உண்டு, இழுப்பும் உண்டு. எலி க்ரீக் ஓடையில் மிதந்து வரலாம், ஆறு வயசுப் பையனுக்கு அது போதும். 1935 புயலில் கரை ஒதுங்கிய மஹேனோ கப்பலும் அதே கடற்கரையில்தான், துருப்பிடித்துக் கிடக்கிறது, ஏறக் கூடாது.

பாளை வாசி:
வேலி இருந்தால் வருகிறேன் என்கிறாள் அம்மா. மூட்டுவலி உண்டு, டண்டுபாராவா வாடி பாயிண்டா?

டவுன் பொண்ணு:
இரண்டிலும் கழிப்பறை, குளியலறை உண்டு. டண்டுபாரா தெற்கே இருப்பதால் மணலில் குலுங்கும் தூரம் குறைவு. செப்டம்பர் கடைசியில் அங்கே பள்ளி விடுமுறை, இப்போதே பதிவு பண்ணச் சொல்லுங்கள் அத்தானை.