‘டிஸ்பேட்சபிள்’ மின்சாரம்: ‘அனுப்பத்தக்க’ என்பதா, ‘ஏவல்சார்’ என்பதா?

அன்புடையீர், வணக்கம்.

ஐக்கிய அரபு அமீரகத்தின் சூரிய மின்திட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘டிஸ்பேட்சபிள்’ என்ற சொல் குறுக்கிடுகிறது. அதற்கு ‘அனுப்பத்தக்க மின்சாரம்’ என்ற முன்மொழிவு வந்துள்ளது. அகராதியைப் புரட்டினால் அந்தப் பொருள்தான் முதலில் கண்ணில் படும் என்றாலும், அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. எந்த மின்சாரமும் கம்பி வழியே அனுப்பத்தக்கதுதான். இங்கே குறிக்கப்படுவது வேறு: மின்கட்டமைப்பை நடத்தும் கட்டுப்பாட்டு மையம் ‘இந்த நேரத்திற்கு இவ்வளவு கூட்டு, இவ்வளவு குறை’ என்று ஆணையிட்டால் அப்படியே நடக்கக்கூடிய நிலையம். அனுப்பப்படுவது ஆணைதானே தவிர மின்சாரமன்று.

அமீரகத்தின் கதையில் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் கதையே பிழையாகிவிடும். எண்ணெய் விற்கும் நாடு என்பதால் எண்ணெயை எரித்துத்தான் விளக்கேற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே மின்சாரத்தின் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவில் இருந்து வந்தது. அதிலும் ஒரு பங்கு 2007 முதல் கடலடியில் செல்லும் டால்பின் குழாய் வழியாகக் கத்தாரிலிருந்து வாங்கப்படுகிறது. ஆகவே சூரிய ஒளி அங்கே எரிவாயுச் செலவைக் குறைக்கும் வழியாகவும் நுழைந்தது. 2013இல் கண்ணாடிகளால் வெயிலைக் குவிக்கும் 100 மெகாவாட் ‘ஷம்ஸ் 1’ இயங்கத் தொடங்கியது. 2019இல் சுவைஹான் பாலைவெளியில் ஏறத்தாழ 1.2 கிகாவாட் திறனுடன் ‘நூர் அபுதாபி’ வந்தது. 2023இல் அல் தஃப்ராவில் 2 கிகாவாட் நிலையம் திறக்கப்பட்டது. அந்த மின்சாரத்திற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விலை யூனிட்டுக்கு 1.32 அமெரிக்க சென்ட். பத்தாண்டுகளில் இவ்வளவு தூரம் வந்த பிறகும் கட்டுப்பாட்டு அறையில் ஒரு கேள்வி மட்டும் தீரவில்லை: கோடை இரவில், வீடுகள் அனைத்திலும் குளிரூட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, யாரிடம் ஆணையிடுவது?

இந்தக் கேள்விக்குள்தான் நாம் தேடும் சொல் இருக்கிறது. முதலில் எனக்கு ‘மதகுமின்’ என்று தோன்றியது. மின்னோட்டம், மின்தேக்கி என்று நம் மின்னியல் சொற்களில் ஏற்கெனவே நீரின் சாயல் உண்டு. தேக்கிய நீரை வேண்டும்போது மதகு திறந்து விடுவது போன்ற மின்சாரம் என்று பொருளும் அழகாகப் பொருந்தியது. ஆனால் ஈழத்தில் மதகு என்பது சாலைக்கு அடியில் நீர் வழிந்தோடக் கட்டிய சிறு பாலம். அங்குள்ள வாசகருக்கு அந்தச் சொல் தரும் படத்தில் திறந்து மூடும் கதவே இல்லை. இரு கரையிலும் ஒரே பொருள் தராத சொல்லைக் கலைச்சொல்லாக நிறுத்தக் கூடாது என்பதால் அதைக் கைவிட்டேன், வருத்தத்துடன்தான் கைவிட்டேன்.

இப்போது நான் முன்வைப்பது ‘ஏவல்சார் மின்சாரம்’. ஏவல் வினை என்று பள்ளி இலக்கணத்தில் படித்த அனைவருக்கும் ஏவல் என்றால் கட்டளை என்பது தெரியும். பில்லி, சூனியத்தோடு சேர்த்துப் பேசப்படும் சொல்லாயிற்றே என்ற தயக்கம் எழலாம். ‘ஏவுகணை’ நாளிதழ்களில் தயக்கமின்றிப் புழங்கும்போது இதுவும் புழங்கும் என்று நம்புகிறேன். ‘ஏவுமின்’, ‘பணிமின்’ என்று சுருக்கினால் அவை ‘ஏவுங்கள்’, ‘பணியுங்கள்’ என்னும் பழைய முன்னிலைப் பன்மை வினைகளாகவே ஒலிக்கும். ஆகவே அந்தச் சுருக்கத்தைத் தவிர்த்தேன்.

இதன் எதிர்ச்சொல்லாக, வெயிலையும் காற்றையும் நம்பியிருக்கும் மின்சாரத்தைப் ‘பொழுதுசார் மின்சாரம்’ என்று சொல்லலாம். மழையை நம்பிய பயிரை நினைவூட்டும் ‘மானாவாரி மின்சாரம்’ என்ற யோசனை கேட்க இனிமையானதே. ஆனால் பேச்சு வழக்கில் மானாவாரியாக என்றால் வரைமுறையில்லாமல் என்ற பொருள் ஏறிவிட்டது, சூரிய ஒளியோ கணித்துச் சொல்லக்கூடிய ஒழுங்கோடு வருவது. பொழுது என்ற சொல்லுக்கு இன்னொரு வளமும் உண்டு. நம் மரபு நாளின் கூறுகளைச் சிறுபொழுது என்றும் பருவங்களைப் பெரும்பொழுது என்றும் பிரித்து வைத்திருக்கிறது. அமீரகத்தில் சூரிய உற்பத்தி எற்பாட்டில், அதாவது பொழுது சாயும் நேரத்தில், சரிவது சிறுபொழுதின் மாற்றம்; கோடையில் ஏறும் மின்தேவை குளிர்காலத்தில் வெகுவாக இறங்குவது பெரும்பொழுதின் மாற்றம். இரண்டையும் தனித்தனியே பேச நமக்குச் சொல் ஆயத்தமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: ஏவல்சார் என்பதையும், எந்நேரமும் தவறாமல் கிடைக்கும் மின்சாரத்தைக் குறிக்கும் ‘ஃபர்ம்’ என்பதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. பின்னதற்கு ‘உறுதி மின்சாரம்’ போதும். பராக்கா அணுமின் நிலையத்தின் நான்கு உலைகளும் இரவும் பகலும் ஒரே அளவில் ஓடுவதற்கென அமைந்தவை. அவற்றின் மின்சாரம் உறுதியானது, ஆனால் நேரத்திற்கு நேரம் ஏற்றி இறக்கும் ஏவலுக்கு உரியதன்று. 2025 ஜனவரியில் மஸ்தார் நிறுவனம் அறிவித்த திட்டமும் இவ்வகையே. 5.2 கிகாவாட் சூரியத் தகடுகளும் 19 கிகாவாட் மணி மின்கலத் தொகுதியும் சேர்ந்து, நாள் முழுவதும் 1 கிகாவாட் இடைவிடாமல் தருவது அதன் நோக்கம். ஒரு நாளுக்கு 24 கிகாவாட் மணி, அதாவது 2.4 கோடி யூனிட் தேவை, அதில் 1.9 கோடி யூனிட்டைத் தேக்கி வைக்கும் கொள்ளளவு மின்கலங்களுக்கு இருக்கும். இதைப் ‘பொழுதுசார் மின்சாரம் உறுதி மின்சாரமாகிறது’ என்று எழுதினால் வாசகருக்கு உடனே விளங்கும். ‘அனுப்பத்தக்கதாகிறது’ என்று எழுதினால் என்ன விளங்கும்?

எரிவாயு நிலையங்கள் எல்லாம் ஏவல்சார்ந்தவை என்று எழுதுவதிலும் எச்சரிக்கை வேண்டும். அங்கே பல நிலையங்களின் நீராவியைக் கொண்டே கடல்நீரைக் காய்ச்சி வடித்துக் குடிநீர் ஆக்கினார்கள். குளிர்காலத்தில் மின்தேவை குறைந்தாலும் குடிநீர்த் தேவை குறையாது. ஆகவே நிலையத்தை இறக்க ஆணையிடும் வசதி நீரால் கட்டுண்டு கிடந்தது. மின்சாரத்தால் இயங்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறைக்கு, நாம் வீட்டில் ஆர்.ஓ. என்று சொல்லும் அதே முறைக்கு, அபுதாபியின் தவீலாவில் பெரிய ஆலை எழுப்பியதால் அந்தக் கட்டு தளர்கிறது. வெயில் மிகுந்த நண்பகலில் எரிவாயு நிலையத்தைத் தணித்துவிட்டுச் சூரிய மின்சாரத்தாலேயே குடிநீர் எடுக்கவும் வழி பிறக்கிறது. நீருக்காகக் கட்டாயம் ஓடியே தீர வேண்டியிருந்த அத்தகைய நிலையத்தை ‘கட்டாய ஓட்ட நிலையம்’ என்று நான் எழுதி வருகிறேன். ‘ஓட்டம்’ என்ற சொல் மின்னோட்டத்தோடு மயங்குகிறது என்று ஒருவர் சொன்னது நியாயமாகவே படுகிறது. வளைகுடாவின் மின்நிலையங்களில் பணிபுரியும் அன்பர்களும் இலங்கை அன்பர்களும் இதற்கு என்ன சொல் வழங்குகிறார்கள் என்று எழுத வேண்டுகிறேன்.